பழைய பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டும் முறை

ஓராண்டுக்கு மேல் ஓடாமல் நின்ற பழைய மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தால், பழி முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மீதுதான் விழும். பல சமயம் அது நியாயமான பழியே. அதன் அடியில் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் தங்கிவிட்ட பெட்ரோலின் லேசான பகுதி மெல்ல ஆவியாகிப் போக, மிச்சம் தேன் நிறத்தில் பிசினாக இறுகி, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டுகளின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. அந்த நீர் கிண்ணத்தின் அடியில் இறங்கி உலோகத்தை அரிக்கிறது; பிரித்துப் பார்க்கும்போது வெள்ளைப் பொடியாகத் தெரிவது அந்த அரிப்புதான்.

ஆயினும், திருப்புளியை எடுப்பதற்கு முன் வேறு சிலவற்றைச் சோதித்துவிடுவது நல்லது. பிளக்கில் தீப்பொறி பலமாக வருகிறதா, வால்வு இடைவெளி சரியாக இருக்கிறதா, கம்ப்ரஷன் போதுமான அளவு உள்ளதா, கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்றை இழுக்கிறதா என்பவற்றைப் பார்க்காமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள், அதை மூன்று முறை சுத்தம் செய்துவிட்டுக் கடைசியில் தீப்பொறி அமைப்பிலுள்ள ஒரு பழைய கண்டென்சரை மாற்றியதும் வண்டி கிளம்பக் கண்டிருக்கிறார்கள். தீப்பொறி பலவீனமானாலும் பெட்ரோல் குறைந்தாலும் என்ஜின் ஒரே மாதிரிதான் இருமும்.

உள்ளே நடப்பது என்ன

கழற்றும்போது எந்தத் துளை எதற்கு என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு குழாயின் நடுப்பகுதி குறுகினால் அங்கே காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறையும் என்பதை, திரவ ஓட்டத்தைக் கொண்டு 1797-இல் எழுதி வெளியிட்டவர் இத்தாலிய இயற்பியலாளர் வென்டூரி. கார்புரேட்டரின் வாய் அந்தக் குறுகிய குழாய்தான். கீழே கிண்ணத்திலுள்ள பெட்ரோல் மீது வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. மேலே வாயில் அழுத்தம் குறைகிறது. இந்த வேறுபாடு ஜெட்டுகளின் வழியாகப் பெட்ரோலை மேலேற்றுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்; குளிரில் கிளம்பும்போதும் முழு வேகத்திலும் பெட்ரோல் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

இந்தக் கணக்கை ஒரே ஜெட்டால் எல்லா வேகத்திலும் காப்பாற்ற முடியாது என்பதால், ஆக்சிலரேட்டர் திறக்கும் அளவுக்கேற்ப வேலை கைமாறிக்கொண்டே போகிறது. ஐடிலிங்கிலிருந்து சுமார் எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் மிக்ஸ்சர் திருகும் பொறுப்பு. அதற்கு மேல் கால் பங்கைத் தாண்டும் வரை வாயைத் திறந்து மூடும் ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டப்பட்டிருக்கும் பகுதி முக்கியம். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது நுழையும் நீடில் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. இவற்றுக்கிடையே கறாரான எல்லைக்கோடு கிடையாது. ஒன்று ஓயும்முன் அடுத்தது தொடங்கிவிடும். கிண்ணத்தில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது இவை அத்தனையையும் ஒருசேரப் பாதிக்கும் என்பதால்தான், அந்த உயரத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் மட்டத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்.

வேலைக்கு முன்

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு ஊர்ந்து போய் அறையின் மறுகோடியிலுள்ள நெருப்பைத் தொட்டுவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளிவிடும். ஆகவே காற்றோட்டமான இடம், அருகில் நெருப்போ ஹீட்டரோ இல்லாத மேசை, தீயணைப்புக் கருவி, கண்ணாடி, கையுறை ஆகியவை இல்லாமல் தொடங்கக் கூடாது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே ஒரு துளையில் நுழைந்து எதிர்த் துளை வழியாக நேராகக் கண்ணில் பீய்ச்சும். அதை ஒருமுறை அனுபவித்தவர் பிறகு கண்ணாடி போட மறப்பதில்லை.

கருவிகளில் முதலிடம் திருப்புளிக்கு. ஜப்பானிய வண்டிகளிலுள்ள நட்சத்திரத் திருகுகள் பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் போலவே இருந்தாலும், அவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. பலவற்றின் தலையில் ஓரமாகச் சிறு புள்ளி இருக்கும். பிலிப்ஸ் திருப்புளி அவற்றின் அடிவரை உட்காராமல், பலம் கொடுக்கும்போது வழுக்கி மேலேறி, தலையைச் சிதைத்துவிடுகிறது. ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒரு செட் வாங்குவதற்கு ஆகும் செலவு, தலை சிதைந்த ஒரு திருகைத் துளைபோட்டு எடுக்கும் பாட்டுக்கு முன் ஒன்றுமில்லை. ஜெட்டுகளுக்கு, பள்ளத்தின் அகலத்தையும் நீளத்தையும் முழுதாக நிரப்பும் தட்டைத் திருப்புளி வேண்டும். ஜெட்டுகள் மென்மையான பித்தளை. மெல்லிய முனை கொண்டு திருப்பினால் பள்ளத்தின் இரு உதடுகளும் மடிந்துவிடும்.

இவற்றோடு வெர்னியர் அளவுகோல், ஊசிமூக்குக் குறடு, அழுத்தக் காற்று, விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, முட்டை வைக்கும் குழிகள் கொண்ட அட்டை ஆகியவை போதும். முட்டை அட்டையை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நான்கு கார்புரேட்டர் கொண்ட வண்டியில் ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் போகாமல் காப்பதற்கு அதைவிடச் சிறந்த பெட்டி எனக்குக் கிடைத்ததில்லை. அந்த வண்டிக்குரிய சர்வீஸ் புத்தகத்தை மட்டும் எப்படியாவது தேடிப் பிடித்துவிட வேண்டும். ஃப்ளோட் உயரம், ஜெட் எண், மிக்ஸ்சர் திருகின் சுற்று ஆகியவற்றை ஊகத்தால் நிரப்ப முடியாது.

வண்டியிலிருந்து கழற்றுதல்

டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதை நிறுத்தும் காக் என்ற அடைப்பானை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிக் குடுவையில் பிடியுங்கள். அடியில் தண்ணீர்க் குமிழோ துரும்போ துருத்தூளோ தெரிந்தால் கோளாறு டேங்கிலிருந்தே தொடங்குகிறது என்று பொருள். டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் சில நாட்களில் மறுபடி அதே மேசைக்கு வந்துவிடுவீர்கள்.

கழற்றுமுன் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: கேபிள்கள் போகும் வழி, காற்றுப் போக்குக் குழாய்கள் செருகியிருக்கும் இடம், கிளாம்புகளின் திசை. கிளாம்புகளைத் தளர்த்தியபின் கார்புரேட்டர் அசைய மறுத்தால் கடப்பாரை வைத்து நெம்பாமல், ஹேர் டிரையரால் ரப்பரைச் சூடாக்கி, மேலும் கீழுமாக அசைத்து வெளியே எடுங்கள். பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் இழுத்தால் பிளந்துவிடும். எடுத்த உடனே என்ஜினின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் விழும் ஒரு வாஷர் வேலையை எங்கோ கொண்டுபோய்விடும்.

பிரித்தல்

வெளிப்புற அழுக்கை முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். நான்கு கார்புரேட்டர்கள் ஒரு சட்டத்தில் இணைந்திருந்தால், அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க அவசியம் இருக்கிறதா என்று யோசியுங்கள். இணைப்புக் குழாய்களில் பெட்ரோல் கசிவு இல்லை என்றால் சட்டத்திலேயே வைத்து ஒவ்வொன்றாகச் செய்யலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

கிண்ணத்தின் திருகுகள் பிடிவாதம் பிடித்தால் முறுக்கிப் பார்க்காதீர்கள். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, திருப்புளியைத் தலையில் அழுத்திப் பிடித்து, அதன் பின்புறத்தில் சுத்தியலால் இலேசாகத் தட்டிய பிறகு திருப்பினால் பெரும்பாலும் இளகும். கிண்ணம் கேஸ்கெட்டோடு ஒட்டியிருந்தால் மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டுங்கள். திருப்புளியைச் செருகி நெம்பினால் சேரும் முகத்தில் கீறல் விழுந்து, பிறகு எந்தக் கேஸ்கெட் போட்டாலும் கசியும்.

அடுத்தது ஃப்ளோட். இந்த இடத்தில்தான் அதிகமான கார்புரேட்டர்கள் உயிரை விடுகின்றன. ஃப்ளோட்டைத் தாங்கும் பின், வார்ப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய தூண்களுக்கிடையே இருக்கிறது. பல வண்டிகளில் அதன் ஒரு முனையில் சற்றே தடித்த தலை உண்டு. தலையில்லாத முனையிலிருந்துதான் தட்டி வெளியேற்ற வேண்டும். தட்டும்போது எதிர்த்தூணுக்கு அடியில் மரத்துண்டு முட்டுக்கொடுக்காவிட்டால் தூண் பிஸ்கட் மாதிரி ஒடிந்துவிடும். நான் முதன்முதலாகப் பிரித்த கார்புரேட்டரில் தலையைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினேன். மூன்றாவது தட்டில் “டிக்” என்ற சின்ன ஓசை; தூண் கையோடு வந்துவிட்டது. அந்த ஓர் ஓசைக்காக உடல் முழுவதையும் வேறு ஒன்றோடு மாற்ற வேண்டியதாயிற்று.

ஃப்ளோட்டோடு, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வும் வரும். அது உட்காரும் சீட் திருகு வகையாக இருந்தால் அதையும் வாஷரோடு எடுங்கள். பிறகு மெயின் ஜெட், அதன் மேலுள்ள, பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் எமல்ஷன் குழாய், நீடில் ஜெட், பைலட் ஜெட் என்று வரிசையாகக் கழற்றலாம். பைலட் ஜெட் பெரும்பாலும் ஆழமான குழிக்குள் ஒளிந்திருக்கும். அசையவில்லை என்றால் கார்புரேட்டர் உடலை வெப்பக் காற்றால் சூடாக்குங்கள்: பித்தளையைவிட வார்ப்பு உலோகம் அதிகம் விரிவடைவதால் மரையின் பிடி தளரும். வெப்பம் கொடுக்குமுன் பெட்ரோலும் கிளீனரும் முழுமையாக உலர்ந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மிக்ஸ்சர் திருகைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்பக்கம் திருப்பி, அடியில் தொடும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். “இடது ஒன்றரை, வலது ஒன்றே கால்” என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் கூர்முனை துளையில் சிக்கி முறிந்துவிடும். திருகு வெளியே வந்தபின் ஸ்பிரிங், சிறு வாஷர், அதைவிடச் சிறிய ஓ-ரிங் என மூன்று பொருள்கள் வர வேண்டும். ஓ-ரிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிடும். டார்ச் அடித்துப் பார்த்து, முனை வளைத்த மெல்லிய கம்பியால் கீறாமல் எடுங்கள். அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து திருகை அடிவரை போகவிடாது. ஐடிலிங் எவ்வளவு முயன்றாலும் சரிவராது. அமெரிக்காவில் 1978-இல் மோட்டார் சைக்கிள்களுக்குப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, பிற்கால வண்டிகள் பலவற்றில் இந்தத் திருகு ஒரு மூடிக்கு அடியில் அடைக்கப்பட்டிருக்கும். மூடியைத் துளையிடும்போது டிரில் முனை திடீரென உள்ளே பாய்ந்து திருகின் தலையைத் தின்றுவிடாமல் கவனம் தேவை.

ரப்பர் சவ்வான டயஃப்ரம் வழியாக வெற்றிடமே ஸ்லைடைத் தூக்கும் சி.வி. வகைக் கார்புரேட்டரில் மேல்மூடியின் அடியில் நீண்ட ஸ்பிரிங் இருக்கிறது. மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசித் திருகை எடுங்கள். டயஃப்ரமின் விளிம்பை விரல் நுனியால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். ஓரிடத்தில் பிடித்து இழுத்தால் கிழியும். வட்ட ஸ்லைடு வகையில் கேபிள் வழியாகவே ஸ்லைடு மேலே வரும்; ஊசியின் கிளிப் மேலிருந்து எத்தனையாவது பள்ளத்தில் இருக்கிறது என்பதை எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

வாயைத் திறந்து மூடும் வட்டமான பட்டர்ஃபிளை தகடுகளின் திருகுகளை அவசியமின்றித் தொட வேண்டாம். அவற்றின் வால்பகுதி தட்டி விரிக்கப்பட்டிருக்கும். கழற்றினால் உடையும், சரியாகப் பூட்டாவிட்டால் ஒருநாள் என்ஜினுக்குள் போகும்.

சுத்தம் செய்தல்

ரப்பர், பிளாஸ்டிக், டயஃப்ரம் அனைத்தையும் தனியே வைத்தபின்தான் கிளீனரைத் திறக்க வேண்டும். பலமான கரைப்பான்கள் ரப்பரை ஊதவைத்துவிடும். கார்புரேட்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை அல்லது அலுமினிய வார்ப்பு. இரண்டுமே அமிலத்தையும் காரத்தையும் தாங்காதவை. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ இரவு முழுக்க ஊறவைத்தால் பளபளப்பு வரும் என்பார்கள். வருவது கருத்துப்போன, மேல்தோல் அரிக்கப்பட்ட உடல்தான். கார்புரேட்டருக்கென்றே விற்கும் கரைப்பானில் சில மணி நேரம் ஊறவைப்பதோ, அல்ட்ராசானிக் தொட்டியில் மிதமான சோப்பு கலந்த 50 முதல் 60 டிகிரி வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் வைத்துத் திருப்பிப்போட்டு மீண்டும் வைப்பதோ பாதுகாப்பானது. பெட்ரோலையோ மற்ற எரியும் கரைப்பானையோ அந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

தொட்டியிலிருந்து எடுத்தவுடன் பளிச்சென்று தெரியும். அந்தப் பளபளப்பை நம்பாதீர்கள். வெளிப்புறம் மின்னும் கார்புரேட்டரின் உள்வழிகள் அடைபட்டே இருக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் நுழைவும் முடிவும் உண்டு: பைலட் ஜெட்டின் குழியில் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை வைத்து அடித்தால், மிக்ஸ்சர் திருகின் குழியிலும், வாயின் கூரையிலோ தரையிலோ உள்ள ஊசிமுனைத் துளைகளிலும் திரவம் வெளிவர வேண்டும். ஒரு துளையை விரலால் மூடினால் மற்றொன்றில் பீய்ச்சல் பலமாக வேண்டும், அதாவது கூட வேண்டும். ஒரு காகிதத்தில் கார்புரேட்டரின் படத்தைத் தோராயமாக வரைந்து, திரவம் வெளிவந்ததைக் கண்ணால் கண்ட துளையை மட்டும் டிக் அடித்துக்கொண்டே போனால் எதுவும் விட்டுப்போகாது. இறுதியில் எல்லா வழிகளிலும் அழுத்தக் காற்று செலுத்தி உலர்த்துங்கள்.

ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பைலட் ஜெட்டின் துளை பல வண்டிகளில் 0.4 மி.மீ. அளவே இருக்கும், ஐந்தாறு தலைமுடிகளைச் சேர்த்த பருமன். அதற்குள் தெரியும் ஒளிப்புள்ளி முழு வட்டமாக இருக்க வேண்டும். பிறை போலவோ மங்கலாகவோ தெரிந்தால் பிசின் இன்னும் இருக்கிறது. எஃகுக் கம்பியை விட்டுக் குடையக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் மேலுள்ள எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையோ நைலான் இழையோ போதும். எமல்ஷன் குழாயின் பக்கவாட்டிலுள்ள துளைகள் ஒவ்வொன்றையும் அப்படியே பாருங்கள்.

1967-இல் வந்த, அமல் நிறுவனத்தின் கான்சென்ட்ரிக் வகைக் கார்புரேட்டரைப் பிரிட்டிஷ் வண்டிகளில் அடிக்கடி காணலாம். அதன் நான்கு ஸ்ட்ரோக் வடிவங்கள் பலவற்றில் பைலட் ஜெட் கழற்றக்கூடிய பாகமாக இல்லாமல், காற்றுத் திருகின் குழிக்குப் பின்னால் ஆழத்தில் அழுத்திச் செருகிய சிறு புஷ்ஷாக இருக்கிறது. ஸ்ப்ரே மட்டும் அடித்து இதைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று ஏமாறுகிறவர்கள் பலர். 0.016 அங்குல டிரில் முனையை ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் பொருத்தி, விரல்களால் மட்டும் உருட்டி உள்ளே விட்டு எடுப்பது இதற்குப் பழகிப்போன வழி. எஃகு கூடாது என்ற விதிக்கு இது ஒரு விலக்கு. துளைக்கு மிகச் சரியான அளவுள்ள முனை என்பதால் மட்டுமே.

கண்ணுக்கு எளிதில் படாத இன்னொரு இடம் கிண்ணத்துக்குள் இருக்கிறது. குளிரில் கிளம்ப வாயை மூடும் தகடு இல்லாமல், கூடுதல் பெட்ரோலைத் தனி வழியில் கொடுக்கும் சோக் கொண்ட கார்புரேட்டர்களில், கிண்ணத்தின் ஒரு மூலையில் கிணறு போன்ற ஒரு குழி இருக்கும். அதன் அடியிலிருந்து கிண்ணத்துக்குச் செல்லும் துளையும் ஒரு ஜெட்தான். ஒரு குளிர்காலம் முழுவதும் என் வண்டி காலையில் நாற்பது உதைக்குக் குறைந்து கிளம்பியதில்லை. ஓடத் தொடங்கியபின் ஒரு குறையும் இல்லை. மேலே உள்ள அனைத்தையும் இருமுறை பிரித்துப் பார்த்தபின், சும்மா இருந்த கிண்ணத்தைக் கழுவும்போது அந்தக் கிணற்றில் ஸ்ப்ரே அடித்தேன். அடித்ததெல்லாம் முகத்துக்கே திரும்பி வந்தது. செம்பு இழையை விட்டதும் பச்சைக் களிம்பு ஒரு கடுகளவு வெளியே வந்தது. மறுநாள் இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது.

தேய்மானம் பார்த்தலும் புதிய பாகங்களும்

நீடில் வால்வின் ரப்பர் கூம்பில் நகத்தால் தடவினால் வட்டமாக ஒரு பள்ளம் உணரப்பட்டால் அதை மாற்றிவிடுங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சூடான நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். அந்த ஓட்டையை ஈயத்தால் பற்றவைத்து அடைக்குமுன் உள்ளேயுள்ள பெட்ரோல் முழுவதும் வெளியேற வேண்டும். ஈயமும் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும், எடை கூடினால் ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும்.

ஊசி மேலும் கீழும் உரசுவதால் நீடில் ஜெட்டின் வட்டத் துளை நாளடைவில் முட்டை வடிவமாகிறது. கால் பங்கு ஆக்சிலரேட்டரில் கரும்புகையும் மைலேஜ் குறைவும் தெரிந்தால் ஊசியையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஸ்லைடு அதன் குழியில் கடகடவென்று ஆடினால் ஓரத்தில் காற்று புகுந்து ஐடிலிங் நிலையாக நிற்காது. டயஃப்ரமை வெளிச்சத்தில் விரித்து ஊசித்துளை தேடுங்கள். என்ஜினோடு சேரும் முகத்தைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். அமல் வகைகளில் நட்டுகளை அளவுக்குமேல் இறுக்கியே அந்த முகம் வளைந்திருக்கும். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்துச் சமமாகத் தேய்த்தால் சரியாகும்.

ரிப்பேர் கிட் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதிலுள்ள கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் பயன்படுத்துங்கள். பித்தளையை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். தேயாத பழைய ஜெட்டுகள், மலிவான கிட்டில் வரும் ஜெட்டுகளைவிடத் துல்லியமானவை. எண்ணை மட்டும் பார்த்து மாற்றுவதும் ஆபத்து. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் எண் முறை மாறும்: கெய்ஹின் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தைச் சொல்கிறது, அதாவது 100 என்றால் 1.00 மி.மீ.; மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டிலும் அமல் ஜெட்டிலும் எண் குறிப்பது நிமிடத்துக்குப் பாயும் அளவை. ஒரே எண் பொறித்திருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

பூட்டுதல்

ஜெட்டுகளை விரலால் மரையில் ஏற்றி, பிறகு திருப்புளியால் இலேசாக இறுக்கினால் போதும். மிக்ஸ்சர் திருகில் ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் என்ற வரிசை மாறக் கூடாது: ஓ-ரிங் உடலின் பக்கமும் ஸ்பிரிங் திருகுத் தலையின் பக்கமும் வரும், வாஷர் இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஓ-ரிங்கைக் குடைந்துவிடும். திருகை அடிவரை மெதுவாகத் திருப்பி, குறித்துவைத்த சுற்று அளவுக்கு வெளியே எடுங்கள்.

ஃப்ளோட் உயரம் அளக்கும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பல நீடில் வால்வுகளின் வாலில் ஸ்பிரிங் வைத்த சிறு குமிழ் இருக்கிறது. கார்புரேட்டரைத் தலைகீழாக வைத்து அளந்தால் ஃப்ளோட்டின் எடை அந்தக் குமிழை அழுத்திவிடும், அளவு பொய்யாகும். ஆகவே கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு குமிழைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்கும் கணத்தில், கேஸ்கெட் இல்லாத முகத்திலிருந்து ஃப்ளோட்டின் எதிர் விளிம்பு வரை வெர்னியரால் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1969-இல் வந்த ஹோண்டா சி.பி.750-இன் ஆரம்ப வகைகளில் இது 26 மி.மீ. மாற்ற வேண்டுமானால் நாக்கை மட்டும் மிகச் சிறிதளவு வளையுங்கள். வளைக்கும்போது வால்வைச் சீட்டில் அழுத்தக் கூடாது. தலைகீழாகப் பிடித்த நிலையில் அளவு குறைந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயரும், கூடினால் தாழும்.

ஸ்லைடைப் போடும்போது அதன் சரிவு வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் சில வகைகளில் உள்ளே போய்விடும். என்ஜின் பேய் பிடித்த மாதிரி ஓடும். டயஃப்ரம் வகையில், விளிம்பிலுள்ள சிறு நாக்கு அதற்குரிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்லைடைக் கீழிருந்து விரலால் பாதி தூக்கி விளிம்பைப் பள்ளத்தில் படியவைத்து, பிறகு மூடியைப் போடுங்கள். மூடியபின் ஸ்லைடை மேலே தூக்கி விட்டால் எங்கும் சிக்காமல் சீராக இறங்கி, அடியில் “டொக்” என்று உட்கார வேண்டும்.

வண்டியில் ஏற்றுமுன் மேசையிலேயே கசிவுச் சோதனை செய்துவிடுவது அறிவு. கார்புரேட்டரை நேராக நிறுத்தி, உயரத்தில் தொங்கவிட்ட சிறு பாட்டிலிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோல் கொடுத்து ஒரு மணி நேரம் பாருங்கள். கீழே விரித்த காகிதம் உலர்ந்தே இருந்தால் பூட்டலாம். இந்தச் சோதனையைத் தவிர்த்தால், நான்காவது கார்புரேட்டர் வழிகிறது என்பது எல்லாவற்றையும் வண்டியில் மாட்டி டேங்கையும் ஏற்றிய பிறகுதான் தெரியும்.

ட்யூனிங்

ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர்கள் உள்ள வண்டியில், மேசைமேல் இருக்கும்போதே எல்லா ஸ்லைடுகளும் ஒரே அளவு திறக்கின்றனவா என்று ஒரே டிரில் முனையின் தண்டை ஒவ்வொன்றின் அடியிலும் நுழைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வண்டியில் மாட்டியபின் வேக்யூம் கேஜ் கொண்டு செய்யும் துல்லியமான சமன்படுத்தலுக்கு இது நல்ல அடித்தளம். அதைச் செய்யும்போது டேங்க் இறங்கியிருக்கும் என்பதால் தனிப் பாட்டிலில் பெட்ரோல் கொடுப்பதும், காற்றில் குளிரும் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகாமல் முன்னால் ஒரு மின்விசிறி வைப்பதும் அவசியம்.

என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே மிக்ஸ்சரைத் தொட வேண்டும். திருகு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஸ்லைடுக்கு முன்னால், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஸ்லைடுக்குப் பின்னால், என்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால்தான் பெட்ரோல் கூடும். இதைக் குழப்பிக்கொண்டவர் எதிர்த்திசையிலேயே ட்யூன் செய்துகொண்டிருப்பார். கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் காத்திருந்து, என்ஜின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஐடிலிங் திருகால் வேகத்தைப் புத்தகம் சொல்லும் அளவுக்குக் குறைக்கவும்.

சாலையில் சோதிக்க, ஆக்சிலரேட்டர் பிடியிலும் அதன் கூட்டிலும் டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போடுங்கள். என்ஜின் எந்தக் கோட்டில் திணறுகிறதோ, அந்தக் கோட்டுக்குப் பொறுப்பான பாகத்தை மட்டுமே தொட வேண்டும். அரைக் கோட்டில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். திணறும் நேரத்தில் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை, கூடினால் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் எழுதிவைத்துக்கொண்டு.

சில முறை சூடேறி ஆறியபின் கேஸ்கெட் சற்றே அமுங்கும். ஆகவே கிண்ணத் திருகுகளையும் கிளாம்புகளையும் முதல் வாரத்தில் ஒருமுறை மறுபடி பார்க்கவும். அடுத்து ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்த வேண்டி வந்தால், பெட்ரோல் காக் அடைப்பானை மூடிவிட்டு, வடிகால் திருகைத் திறந்து கிண்ணங்களைக் காலி செய்துவிடுங்கள்; என்ஜினை ஓடவிட்டுத் தானாக அணையவைத்தால் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் தங்கியே இருக்கும்.